இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்!

"வாய் நல்லதானால் ஊர் நல்லது" என்பது பழமொழி. நாவடக்கத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது அது. உடம்புக்கும் அது பொருந்தும். வாய் நன்றாக இருந்தால்தான் உண்ணலாம், பேசலாம், சிரிக்கலாம். வாயில் ஒரு கடுகளவு புண் வந்தால் போதும், விருந்துச் சாப்பாடும் வேம்பாகக் கசந்துவிடும்!

வயிற்றுக்குள் வரும் நோயைக் கண்ணால் காண முடியாது. நெஞ்சுக்குள் வரும் நோயைக் காணப் படம் எடுக்க வேண்டும். வாயில் வரும் நோய் அப்படி அல்ல. ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் அவரவர் வாயை அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சுலபமாகப் பார்க்கக்கூடிய இடத்தில் வரும் நோயால் எத்தனை பேர் சாகிறார்கள் தெரியுமா? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் பேருக்குப் புதிதாக உதட்டிலும் வாயிலும் புற்றுநோய் கண்டது. அதே ஆண்டில் இந்த நோயால் சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். உலகத்தில் வாய்ப் புற்றுநோய் வருபவர்களில் மூவரில் ஒருவர் இந்தியர்!

பெரும்பாலும் இதற்குக் காரணம் இரண்டே. ஒன்று, வாயைப் பார்ப்பதில்லை. மற்றொன்று, பார்த்தாலும் "சூட்டுப் புண்தானே!" என்று தள்ளிப்போடுவது.

பனியன் ஊரில்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் வழியில் இருக்கிறது வீரபாண்டி. ஒரு காலத்தில் தனி ஊராட்சி. 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இந்த வட்டாரமே பனியன் தொழிலை நம்பி வாழ்கிறது. கட்டிங் மாஸ்டர், டைலர், கைமடி, செக்கிங், அயர்ன் என்று வீட்டுக்கு ஒருவராவது கம்பெனிக்குப் போவார்.

அவசர ஆர்டர் வந்துவிட்டால் 'ஒன்றரை ஷிப்டு'. காலை 8.30 மணிக்கு உள்ளே போனவர் வெளியே வர இரவு 8.30 ஆகும். காலைப் பலகாரம் பாதி நாள் கிடையாது. கொதிக்கக் கொதிக்க டீ. சிலருக்கு டீயோடு பீடி. சிலருக்கு வேலை செய்துகொண்டே வாயில் அடக்கிக்கொள்ள ஒரு பொட்டலம். தூக்கமும் குறைவு. இத்தனையையும் தாங்கிக்கொள்ளும் உறுப்பு வாய்தான்.

வாயில் புண் வந்தால் வீட்டில் மனைவி சொல்வாள்: "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துருங்க." அவர் சொல்வார்: "சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டுப் போறேன்." சனிக்கிழமை வரும்; போகும். புண் மட்டும் அப்படியே இருக்கும்!

எல்லா வாய்ப்புண்ணும் புற்றுநோய் அல்ல. நூற்றுக்குப் பெரும்பங்கு சாதாரணப் புண்தான். சாதாரணம் எது, அபாயம் எது என்று பிரித்து அறிவதுதான் முக்கியம்.

சாதாரணப் புண் எப்படி இருக்கும்?

உதட்டின் உட்பக்கம், கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம் ஆகிய இடங்களில் சிறு வட்டமாக வரும். நடுவில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறம்; சுற்றிலும் சிவப்பு வளையம். நல்ல எரிச்சல் இருக்கும். தூக்கக் குறைவு, மனக்கவலை, பல்பட்டுக் கடிபடுதல், இரும்புச் சத்துக் குறைவு, பி வகை வைட்டமின் குறைவு ஆகியவை இதற்கு வழி செய்யும். பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும்.

அதுவரை காரத்தையும் புளிப்பையும் குறைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் உப்புப் போட்டு நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம். மோரும் தயிர்ச் சோறும் எரிச்சலைத் தணிக்கும். நம் வீடுகளில் வழக்கமாகச் செய்யும் மணத்தக்காளிக் கீரையும் நல்ல உணவே. அடிக்கடி புண் வருகிறவர்கள் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது.

கைக்குழந்தையின் நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம் படிவது உண்டு. பால் படிந்ததானால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாவிட்டால், அல்லது துடைத்த இடம் சிவந்து புண்ணாக இருந்தால், அது பூஞ்சைக் காளான். டாக்டர் தரும் சொட்டு மருந்தில் குணமாகும். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் வாயில் தேன் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுக்களுக்கு ஆபத்து.

இதே பூஞ்சை நீரிழிவு உள்ளவர்களுக்கும், பல்செட்டைக் கழற்றாமலே தூங்குகிறவர்களுக்கும் வரும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும்.

உதடு சொல்லும் சேதி

உதட்டுத் தோல் மிகவும் மெல்லியது. அதில் எண்ணெய்ச் சுரப்பி அநேகமாக இல்லை. அதனால் காற்றிலும் வெயிலிலும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கிறது. காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்தால் இதமாக இருக்கும். ஆனால் அந்த எச்சில் உலரும்போது உதட்டில் உள்ள ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்! வெடிப்பு அதிகமாகும். நாக்கால் நனைப்பதை விட்டுவிட்டு, சிறிது தேங்காய் எண்ணெயோ நெய்யோ வாசலினோ தடவினால் போதும். தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும்.

இரண்டு உதடுகளும் சேரும் வாயோரத்தில் வெடித்துப் புண்ணாவது வேறு. இரும்புச் சத்தும் பி வைட்டமினும் போதவில்லை என்பதை இது காட்டலாம். பூஞ்சையும் காரணமாகலாம். பால், முட்டை, பயறு, முருங்கைக்கீரை ஆகியவை உணவில் சேர வேண்டும். ஆறாவிட்டால் மருந்து தேவை.

காய்ச்சலின்போதோ, உடம்பு அசதியாக இருக்கும்போதோ, உதட்டோரத்தில் குறுகுறுவென்று நமைச்சல் எடுத்து, பிறகு கொத்தாகச் சிறு கொப்புளங்கள் கிளம்புவது உண்டு. இது ஒருவகை வைரஸால் வருவது. பத்து நாளில் காய்ந்துவிடும். ஆனால் ஒட்டுவாரொட்டி! கொப்புளம் ஆறும்வரை குழந்தைகளை முத்தமிடக் கூடாது. தம்ளரையும் துண்டையும் பிறரோடு பகிரக் கூடாது.

நூலைப் பல்லால் கடிக்கலாமா?

தையல் வேலை செய்கிறவர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. கத்தரியை எடுக்கச் சோம்பல்பட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள். பல வருஷம் இப்படிச் செய்தால் முன்பல்லின் விளிம்பில் சிறு பள்ளம் விழும். சில சமயம் பல்லின் ஓரம் உடைந்து கூராகும். கூரான பல் நாக்கிலோ உதட்டிலோ உராய்ந்துகொண்டே இருந்தால் அந்த இடம் புண்ணாகும், ஆறாது.

இதற்கு வைத்தியம் மிக எளிது. பல் டாக்டர் அந்தக் கூரை ராவி விடுவார். சில நிமிட வேலை. அதன்பின் புண் ஆறிவிட்டால் கவலை இல்லை. இரண்டு வாரம் ஆகியும் ஆறாவிட்டால் மேலே சோதிக்க வேண்டும்.

அபாய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது:

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண். வலி இல்லாவிட்டாலும் சரி.
துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு.
பட்டுப்போல் சிவந்த திட்டு.
கெட்டியான தடிப்பு அல்லது கட்டி.
காரணமில்லாமல் இரத்தம் கசிதல், அல்லது பல் ஆடுதல்.
வாய் அகலத் திறக்க முடியாமை. நாக்கை நீட்ட முடியாமை.
உதடோ நாக்கோ மரத்துப்போதல்.
கழுத்தில் கரையாத கட்டி.

இதில் ஏமாற்றும் அறிகுறி முதலாவதுதான். சாதாரணப் புண் வலிக்கும், அதனால் கவனிக்கிறோம். புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. "வலியில்லையே, ஒன்றும் இராது" என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். வலி வரும்போது காலம் கடந்திருக்கும்.

பொட்டலத்துக்குள் இருப்பது

வாய்ப் புற்றுநோய்க்கு முதல் காரணமாக நிற்பது புகையிலை. பீடி, சிகரெட், சுருட்டு மட்டும் அல்ல. வெற்றிலையோடு போடும் புகையிலை, குட்கா, சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கி உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கும் கைனி எல்லாம் ஒன்றே. எந்த இடத்தில் அடக்கி வைக்கிறார்களோ அந்த இடத்திலேயே பெரும்பாலும் திட்டு கிளம்பும். புகையிலையோடு மதுவும் சேர்ந்தால் அபாயம் பலமடங்கு.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்பவர் உண்டு. பாக்கும் குற்றவாளிதான்! புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது.

பாக்கு இன்னொரு கெடுதலும் செய்யும். கன்னத்தின் உட்பக்கம் மெல்ல மெல்ல வெளுத்து, கயிறுபோல் இறுகும். முதலில் காரம் தின்றால் எரியும். பிறகு வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். கடைசியில் சோற்று உருண்டைகூட நுழையாது. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர், கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி என்ற டாக்டரும் இதைப் பற்றி எழுதினார். இப்போது இளைஞர்களிடமும் இது காணப்படுகிறது. பாக்குத்தூள் பொட்டலங்கள் மலிந்ததே காரணம்.

2013-ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலா விற்பனை தடை செய்யப்பட்டது. ஆயினும் மறைவாக விற்பது அடிக்கடி பிடிபடுகிறது. திருப்பூருக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து ஏராளமானவர்கள் பிழைக்க வந்திருக்கிறார்கள். 2016-17-இல் மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 100-க்கு 20 பேர் புகையிலை உபயோகிப்பது தெரிந்தது. ஒடிசாவில் 100-க்கு 45 பேர். சொந்த ஊரை விட்டு வந்து, மொழி தெரியாத இடத்தில், நீண்ட நேரம் உழைக்கும் இந்தத் தொழிலாளிக்கு வாயைக் காட்டச் சொல்லி யார் சொல்வார்? பக்கத்து மெஷினில் வேலை செய்கிற தோழர்தான் சொல்ல வேண்டும்.

கப்பலில் நடந்த ஆபரேஷன்

இந்த நோய் ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. அமெரிக்க ஜனாதிபதியையே பிடித்தது! குரோவர் கிளீவ்லாந்து என்பவர் 1893-இல் இரண்டாம் முறையாக ஜனாதிபதி ஆனார். சுருட்டுப் பிரியர். அந்தக் கோடையில் தம் வாயின் மேல் அண்ணத்தில் சொரசொரப்பான ஓர் இடத்தைக் கண்டார். டாக்டர்கள் சோதித்து, உடனே அகற்ற வேண்டும் என்றார்கள்.

நாட்டில் அப்போது கடும் பண நெருக்கடி. ஜனாதிபதிக்கு நோய் என்று தெரிந்தால் பீதி பரவும். ஆகவே ஜூலை 1-ஆம் தேதி, ஒரு நண்பரின் உல்லாசக் கப்பலில், கடலில் வைத்து ரகசியமாக ஆபரேஷன் செய்தார்கள். மேல் தாடையின் ஒரு பகுதியையும் சில பற்களையும் வாய் வழியாகவே எடுத்தார்கள். வெளியே ஒரு தழும்பும் இல்லை. மீசையும் அப்படியே இருந்தது! பள்ளத்தை அடைக்க ரப்பரில் ஒரு தகடு செய்து பொருத்தினார்கள். கிளீவ்லாந்து அதன்பின் 15 ஆண்டுகள் வாழ்ந்து, 1908-இல் இதய நோயால் இறந்தார். ஆபரேஷன் செய்தவர்களில் ஒருவரான டாக்டர் கீன் 1917-இல் எழுதியபோதுதான் முழு உண்மையும் உலகத்துக்குத் தெரிந்தது.

மனநோய் வைத்தியத்தில் உலகப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டின் கதை வேறு. 1923-இல் அவர் வாயில் திட்டு கண்டது. அவரும் சுருட்டுப் பிரியர். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் சுருட்டை விடவில்லை. 16 ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள்! பேசவும் உண்ணவும் பெரும்பாடு பட்டு, 1939-இல் மறைந்தார். மனித மனத்தை அவ்வளவு அறிந்தவராலும் அந்தப் பழக்கத்தை வெல்ல முடியவில்லை.

டார்ச் விளக்கு செய்த அதிசயம்

ஜனாதிபதிக்குக் கப்பல் கிடைத்தது. சாதாரணக் குடும்பத்துக்கு? அதற்குப் பதில் நம் பக்கத்து ஊரிலேயே கிடைத்தது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996-இல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதில் அடக்கம். சில பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சம் அடித்து வாயைப் பார்த்தார்கள். சந்தேகம் உள்ளவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். மற்றப் பஞ்சாயத்துகளில் வழக்கமான வைத்தியம் மட்டும்.

2005-இல் முடிவு வெளியாயிற்று. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, வாயைப் பார்த்த பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது! பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கண்ணாடி முன் ஐந்து நிமிடம்

அந்த ஊழியர்கள் செய்ததில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். கம்பெனி விடுமுறை; வீட்டில் எல்லோரும் இருப்பார்கள்.

வாயைக் கொப்பளித்துக் கையைக் கழுவ வேண்டும். பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும். ஜன்னல் வெளிச்சத்திலோ செல்போன் டார்ச் வெளிச்சத்திலோ கண்ணாடி முன் நிற்க வேண்டும்.

முதலில் உதடுகளின் வெளிப்புறம். பிறகு மேலுதட்டைத் தூக்கியும் கீழுதட்டை இழுத்தும் உட்புறம். அடுத்து ஈறு. பின்பு விரலால் கன்னத்தை விலக்கி இருபக்கமும். நாக்கை நீட்டி மேற்புறம். வலமும் இடமும் திருப்பி ஓரங்கள். நுனியை அண்ணத்தில் வைத்து அடிப்புறம். தலையை அண்ணாந்து மேல் அண்ணம். கடைசியில் தாடைக்குக் கீழும் கழுத்தின் இருபுறமும் விரலால் தடவி, கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனை மிகச் சுலபம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்று இருக்கும்படி செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க வேண்டும். மூன்று விரலும் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது. நுழையாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

சந்தேகமான இடத்திலிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். "கத்தி பட்டால் புற்று பரவும்" என்பது வீண் பயம். இந்தப் பயத்தால் நாட்டு மருந்து தேடி அலைந்து மாதங்களை வீணாக்குவதே உண்மையான ஆபத்து.

ஆரம்பத்தில் கண்டால் சிறிய ஆபரேஷனோ கதிர்வீச்சோ மட்டுமே போதும். பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். முற்றிய பின் வந்தால் தாடையை எடுக்க நேரலாம். கதிர்வீச்சு, மருந்து எல்லாம் சேர வேண்டியிருக்கும். அப்போதும் உறுதி சொல்ல முடியாது.

சிகிச்சை எட்டாத தூரத்தில் இல்லை. திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் வாயைக் காட்டலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது. மேல் சிகிச்சைக்குக் கோவை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த வசதி எதுவும் இல்லை. 1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தை மறக்காத அவர், பல ஆண்டுகள் பாடுபட்டு, 1954 ஜூன் 18-ஆம் தேதி சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அப்போது 12 படுக்கைகள்தான். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்த நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். சீக்கிரம் வாருங்கள் என்பதே அந்த ஆஸ்பத்திரி மக்களுக்குச் சொல்லிவரும் சேதி.

விட்டுவிட முடியுமா?

முடியும். புகையிலையையும் பாக்கையும் நிறுத்தினால் சில வெள்ளைத் திட்டுகள் தாமாகவே குறைவதைக் காணலாம். இறுகிய கன்னம் பழையபடி ஆகாவிட்டாலும், மேலும் இறுகாமல் தடுக்கலாம். முதல் சில நாட்கள் எரிச்சல், கோபம், தூக்கமின்மை வரும். வாரங்கள் செல்லச் செல்ல அது தணியும். பொட்டலத்தின் நினைவு வரும்போது ஏலக்காயோ சோம்போ மெல்லலாம், தண்ணீர் குடிக்கலாம். தனியாக முடியாதவர்களுக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசி 1800-11-2356 இருக்கிறது. தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகலாம். போகாமல் இருந்தால் குடும்பமே சம்பளத்தை இழக்கலாம். இந்தக் கணக்கு எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

வாயில் வந்த புண் என்று வந்தது என்பதை நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 14 நாள் எண்ண வேண்டும். ஆறிவிட்டால் நிம்மதி. ஆறாவிட்டால், பதினைந்தாம் நாள் கம்பெனிக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு!